வைஃபை கடவுச்சொல் மறந்துபோனதா? ரீசெட் பொத்தானில் ஊக்கை நுழைக்கும் முன் படிக்க வேண்டிய கேள்வி பதில்கள்

வீட்டுக்கு வந்தவர் காபி டம்ளரைக் கையில் வாங்கும் முன்பே "வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டுவிடுகிறார். வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ரவுட்டரை மாட்டிய அன்று ஒரே ஒரு முறை தட்டச்சு செய்தது; அதன் பிறகு யாருக்கும் அது தேவைப்படவே இல்லை. எங்கள் உறவினர் வட்டாரத்தில் இப்படிப்பட்ட நேரங்களில் அழைப்பு வருவது எனக்குத்தான். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. முதலில் என்ன செய்வது?

எதையும் அழுத்தாதீர்கள். குறிப்பாக இரண்டை: ரவுட்டரின் பின்னால் இருக்கும் ரீசெட் பொத்தான், கைபேசியில் வைஃபை பெயருக்குக் கீழே வரும் 'ஃபர்கெட்' என்ற சொல். முதலாவது ரவுட்டரின் நினைவை அழிக்கும், இரண்டாவது கைபேசியின் நினைவை அழிக்கும். நீங்கள் தேடும் கடவுச்சொல் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

அடுத்து, வீட்டில் எந்தக் கருவி இன்னும் வைஃபையில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அம்மாவின் கைபேசி, மகளின் மடிக்கணினி, அலமாரியில் கிடக்கும் பழைய டேப்லெட் என எதுவாக இருந்தாலும் சரி. கடவுச்சொல் அதற்குள் இருப்பதால்தான் அது இணைந்திருக்கிறது. பத்து வீடுகளில் ஒன்பதில் வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

தேட ஆரம்பிக்கும் முன் ஊகித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் அவசரத்தில் வைத்துவிட்டுப் போகும் கடவுச்சொற்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் இருக்கும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பத்து இலக்கக் கைபேசி எண், அல்லது அவர் பெயரோடு 123, அல்லது பெயரும் '@' குறியும் அந்த ஆண்டும். இரண்டு நிமிடம் முயன்று பாருங்கள். பலித்துவிட்டால் மகிழ்ச்சி. ஆனால் உங்களுக்குப் பலித்தது எதிர்வீட்டுப் பையனுக்கும் பலிக்கும், ஆகவே அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

"ரவுட்டர் பாஸ்வேர்டு" என்று ஒன்றுதானே இருக்கிறது?

மூன்று இருக்கின்றன. பாதிக் குழப்பம் இதில்தான் பிறக்கிறது.

முதலாவது வைஃபை கடவுச்சொல். விருந்தினர் கேட்பது இதைத்தான். இரண்டாவது, ரவுட்டரின் உள்ளமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும். வைஃபை கடவுச்சொல் வீட்டு வாசலின் சாவி என்றால் இது பீரோ சாவி. மூன்றாவதைப் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். உங்கள் ரவுட்டர், இணைய நிறுவனத்திடம் "நான் இன்ன வாடிக்கையாளர்" என்று சொல்வதற்காக வைத்திருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அது. தொழிலில் இருப்பவர்கள் அதைப் பிபிபிஓஇ என்பார்கள். பிஎஸ்என்எல் ஃபைபரிலும் பல உள்ளூர் நிறுவனங்களின் இணைப்பிலும் இது உண்டு. பெயர் மறந்தாலும் பரவாயில்லை; இப்படி ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரீசெட் பற்றிச் சொல்லும்போது இது மறுபடியும் வரும்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கடவுச்சொல் இருக்குமாமே?

இருக்கும். ஆனால் அது தொழிற்சாலையிலிருந்து வரும்போது இருந்தது. பிறகு யாரும் மாற்றவில்லை என்றால் மட்டுமே அது செல்லும்.

ரவுட்டர் பெரும்பாலும் தொலைக்காட்சிக்குப் பின்னால், தூசுக்கும் வயருக்கும் நடுவே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, கண்ணாடியைத் தேடி, எழுத்துக் கூட்டிப் படிக்க முயலாதீர்கள். ஃபைபர் வயர் செம்புக் கம்பி போன்றதல்ல, உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடி இழை. கூர்மையாக மடங்கினால் ஒளி அதோடு நின்றுவிடும், பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டும். கடவுச்சொல்லைத் தேடப் போய் இணைப்பையே இழக்க வேண்டியிருக்கும். கைபேசியை ரவுட்டருக்கு அடியில் நீட்டி ஒரு புகைப்படம் எடுத்து, வெளிச்சத்துக்கு வந்து பெரிதாக்கிப் படியுங்கள்.

அந்த ஸ்டிக்கரில் எண்கள் ஏராளமாக இருக்கும். வரிசை எண், மேக் முகவரி ஆகியவை உங்களுக்கு வேண்டாம். 'எஸ்எஸ்ஐடி' என்று இருப்பது வைஃபையின் பெயர். அதற்கு அருகில் 'கீ', 'டபிள்யூபிஏ கீ', 'வைஃபை பாஸ்வேர்டு' என ஏதாவது ஒரு பெயரில் இருப்பதுதான் கடவுச்சொல். 'யூசர்நேம்' என்பதற்குப் பக்கத்தில் இருப்பது பீரோ சாவி. அதையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுழியத்தையும் ஆங்கில 'ஓ'வையும், எண் ஒன்றையும் சிறிய 'எல்'லையும் குழப்பிக்கொள்ளாதவர் இல்லை. ஒன்று பலிக்காவிட்டால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு கைபேசி இணைந்திருக்கிறது. அதிலிருந்து எப்படி எடுப்பது?

2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இது எளிது. செட்டிங்ஸில் வைஃபை பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொடுங்கள். 'ஷேர்' அல்லது 'கியூஆர் கோடு' என்று ஒன்று தெரியும். விரல்ரேகையோ பின் எண்ணோ கேட்கும். கொடுத்ததும் கறுப்பு வெள்ளைக் கட்டம் திரையில் வரும். பல கைபேசிகளில் அந்தக் கட்டத்துக்குக் கீழேயே கடவுச்சொல் எழுத்தாக இருக்கும். சாம்சங்கில் கியூஆர் பொத்தான் திரையின் அடிப்பகுதியில் இருக்கும். ஷியாவ்மி கைபேசிகளில் இணைந்திருக்கும் பெயரையே தொட்டால் போதும்.

விருந்தினரை இணைப்பது மட்டுமே நோக்கம் என்றால் கடவுச்சொல்லைத் தேடவே வேண்டாம். அவர் தன் கைபேசிக் கேமராவை அந்தக் கட்டத்தின் மீது காட்டினால் போதும், இணைந்துவிடும். ஐபோனும் இதைப் படிக்கும்.

கட்டம் மட்டும்தான் வருகிறது, எழுத்தாக எதுவும் இல்லையே?

அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் திறந்து பாருங்கள். வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அது பிரித்துக் காட்டும். வேறு செயலியில் படித்தால் நீளமாக ஒரு வரி வரும். அதில் 'பி' என்ற ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்ந்து வரும் இடத்துக்கும் அடுத்த அரைப்புள்ளிக்கும் நடுவே இருப்பதுதான் கடவுச்சொல். கடவுச்சொல்லுக்குள்ளேயே அரைப்புள்ளி, காற்புள்ளி போன்ற குறி இருந்தால் அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு கூடுதலாக வந்திருக்கும். அதை விட்டுவிட்டுப் படியுங்கள்.

சிலர் இந்தப் படத்தை, "கியூஆர் கோடு படித்துத் தரப்படும்" என்னும் முகம் தெரியாத இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். வீட்டுச் சாவியைப் படம் எடுத்துத் தெருவில் ஒட்டுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஐபோனில்?

2022-இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் நேரடியாகவே பார்க்கலாம். செட்டிங்ஸ், வைஃபை, பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் 'ஐ'. அங்கே 'பாஸ்வேர்டு' என்ற வரியில் புள்ளிகளாக இருக்கும். தொட்டால் முகத்தையோ விரலையோ சரிபார்த்துவிட்டு எழுத்தாகக் காட்டும். முன்பு எப்போதோ இணைந்த வைஃபை என்றால் அதே திரையின் மேல் மூலையில் உள்ள 'எடிட்' என்பதைத் தொடுங்கள், பழைய பெயர்களின் பட்டியல் வரும். ஐஓஎஸ் 18-இல் 'பாஸ்வேர்ட்ஸ்' என்று தனிச் செயலியே வந்துவிட்டது. அதில் வைஃபைக்கு ஒரு பகுதி உண்டு.

விண்டோஸ் மடிக்கணினியில்?

கன்ட்ரோல் பேனலைத் திறந்து, 'நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்' என்ற இடத்துக்குப் போங்கள். இணைந்திருக்கும் வைஃபையின் பெயர் நீல நிறத்தில் இருக்கும். அதைச் சொடுக்கினால் ஒரு சிறிய சாளரம் திறக்கும். அதில் 'வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸ்', அதற்குள் 'செக்யூரிட்டி' என்னும் தாவல், அதில் 'ஷோ கேரக்டர்ஸ்' என்ற கட்டம். அதில் டிக் போட்டதும் புள்ளிகள் எழுத்தாகும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்த வழி உண்டு. கணினியின் நிர்வாகி உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். அலுவலகம் கொடுத்த மடிக்கணினி பெரும்பாலும் மறுத்துவிடும்.

விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் செட்டிங்ஸுக்குள் வைஃபை பகுதியில் 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' என்ற பட்டியலிலிருந்தும் பார்க்கலாம். இணையாமல் இருக்கும் பழைய வைஃபைகளின் கடவுச்சொல்லும் அங்கே கிடைக்கும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: வெஞ்சுரா பதிப்பு முதல், வைஃபை செட்டிங்ஸில் பெயருக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளில் 'காப்பி பாஸ்வேர்டு' இருக்கிறது. நகலெடுத்து எங்காவது ஒட்டிப் பாருங்கள்.

தொலைக்காட்சி மட்டும்தான் இணைந்திருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

தொலைக்காட்சி பொதுவாக வாயைத் திறக்காது. அப்போது ரவுட்டரையே கேட்க வேண்டும். கணினியை லேன் வயரால் ரவுட்டரின் லேன் துளையில் இணையுங்கள். வயர் வழியாகப் போனால் வைஃபை கடவுச்சொல் தேவையே இல்லை. ரவுட்டர் வாங்கியபோது அட்டைப் பெட்டிக்குள் ஒரு அடி நீளத்தில் ஒரு வயர் இருந்ததே, "இது எதற்கு" என்று பரணில் போட்டீர்களே, அதுவே போதும்.

ரவுட்டரின் பக்கத்தை எப்படித் திறப்பது?

இணைப்பு கிடைத்ததும் கணினியின் உலாவியில், முகவரிப் பட்டையில் ரவுட்டரின் எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1, சில ரவுட்டர்களில் 192.168.0.1, ஜியோஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1. எதுவும் திறக்கவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம். விண்டோஸில் இணைப்பின் விவரங்களில் 'டிஃபால்ட் கேட்வே' என்று இருக்கும் எண்தான் அது. ஐபோனில் அதே 'ஐ' திரையில் 'ரவுட்டர்' என்ற வரியில் இருக்கும்.

இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, எண்ணை கூகுள் தேடல் பெட்டியில் போட்டுத் தேடுவது. மற்றொன்று, கடைசி இரண்டு ஒன்றுகளுக்குப் பதில் ஆங்கில 'எல்' எழுத்தை அடிப்பது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், உலாவிக்கு அல்ல.

'இந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல' என்று உலாவி மிரட்டினால் பயப்பட வேண்டாம். பெரிய இணையதளங்கள் வைத்திருக்கும் வகைச் சான்றிதழ் உங்கள் வீட்டு ரவுட்டரிடம் இருக்காது. எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம். இந்தச் சலுகை உங்கள் ரவுட்டருக்கு மட்டுமே. வங்கியின் தளத்தில் இதே எச்சரிக்கை வந்தால் மூடிவிடுங்கள்.

உள்ளே போனதும் 'வயர்லெஸ்' அல்லது 'டபிள்யூலேன்' பகுதி. அதற்குள் 'செக்யூரிட்டி'. 'பாஸ்ஃபிரேஸ்' அல்லது 'ப்ரீ ஷேர்டு கீ' என்ற பெயரில் கடவுச்சொல் இருக்கும். பக்கத்தில் உள்ள கண் படத்தைத் தொட்டால் தெரியும். சில ரவுட்டர்கள் பழையதைக் காட்டாது, புதியதை வைக்க மட்டும் விடும். அதுவும் நமக்கு லாபம்தான்.

பீரோ சாவியும் தெரியவில்லையே?

ஸ்டிக்கரில் இருப்பதை முதலில் முயலுங்கள். ஸ்டிக்கர் இல்லாத பழைய ரவுட்டர்களில் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே 'அட்மின்' என்று இருப்பதுண்டு. பலித்தால் உடனே மாற்ற வேண்டும். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுவதும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியபோது அதனிடம் இருந்த ஆயுதம் இப்படிப்பட்ட அறுபதுக்குச் சற்றே கூடுதலான பெயர், கடவுச்சொல் இணைகள்தாம். தொழிற்சாலை வைத்ததை யாரும் மாற்றவில்லை என்பதால் அதற்கு அதுவே போதுமாக இருந்தது.

இணைய நிறுவனத்திடம் கேட்கலாமா?

கேட்கலாம். அதற்கு முன் அவர்களின் செயலியைத் திறந்து பாருங்கள். மைஜியோ, ஏர்டெல் தேங்க்ஸ் போன்றவற்றில் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை மாற்ற இடம் இருக்கிறது. நிறுவனமே கொடுத்த பெட்டி என்றால் இது பெரும்பாலும் பலிக்கும். நீங்களே கடையில் வாங்கி மாட்டிய ரவுட்டரில் அவர்களால் எதுவும் செய்ய இயலாது.

டபிள்யூபிஎஸ் என்றொரு பொத்தான் இருக்கிறது. அது உதவுமா?

பிரிண்டரை இணைக்க உதவும். ரவுட்டரில் அந்தப் பொத்தானை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் அழுத்தினால் கடவுச்சொல் இல்லாமலே இணையும். கைபேசிக்கு இதை நம்ப வேண்டாம். ஐபோனில் இது எப்போதுமே கிடையாது. ஆண்ட்ராய்டிலும் 9-ஆம் பதிப்போடு போய்விட்டது.

இதே டபிள்யூபிஎஸ்ஸில் எட்டு இலக்க எண் கொண்டு இணையும் முறை ஒன்றும் உண்டு. அதை அணைத்து வையுங்கள். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆக முதல் பாதிக்குப் பத்தாயிரம், இரண்டாம் பாதிக்கு ஆயிரம், மொத்தம் 11,000 முயற்சிகள். 2011-இல் இந்த ஓட்டை வெளியே தெரிந்துவிட்டது.

ரீசெட் செய்துவிட்டால் எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடாதா?

எங்கள் பெரியப்பாவும் இப்படித்தான் நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அமெரிக்காவில் இருக்கும் பேத்தியோடு வீடியோவில் பேச வேண்டும், புதுக் கைபேசியில் வைஃபை இணையவில்லை. பெரியம்மாவின் புடவையிலிருந்து ஊக்கு ஒன்றை வாங்கி, ரவுட்டரின் பின்னால் இருந்த துளையில் நுழைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்தினார். விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தன. ஸ்டிக்கரில் இருந்த கடவுச்சொல்லைப் போட்டார். இணைந்தது. ஆனால் இணையம் இல்லை.

ஊக்கு அழித்தது வைஃபை கடவுச்சொல்லை மட்டுமல்ல. மூன்றாவது என்று சொன்னேனே, நிறுவனத்திடம் ரவுட்டர் காட்டும் அடையாளம், அதுவும் போய்விட்டது. அந்த இணைப்புக்கே உரிய வேறு சில எண்களும் போயின. வாடிக்கையாளர் சேவை எண்ணில் இசை கேட்டு, உள்ளூர் லைன்மேனுக்கு நான்கு முறை பேசி, செவ்வாய்க்கிழமை மதியம் அவர் வந்து மடிக்கணினியைத் திறந்து மூன்று நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போனார். இத்தனைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை பெரியம்மாவின் கைபேசி அதே வைஃபையில் இணைந்தபடி அடுத்த அறையில் சமையல் வீடியோ ஓட்டிக்கொண்டிருந்தது.

சில நிறுவனங்களின் பெட்டிகள் ரீசெட்டுக்குப் பிறகு தமக்கு வேண்டியதைத் தாமே இறக்கிக்கொள்ளும். உங்களுடையது அந்த வகையா என்று உறுதியாகத் தெரிந்தால் ஊக்கை எடுங்கள். தெரியாவிட்டால் நிறுவனத்திடம் கேட்டு அந்தப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கி வைத்துக்கொண்டு எடுங்கள்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மின்சாரத்தை அணைத்துப் போடுவது ரீசெட் அல்ல, அதில் எதுவும் அழியாது. துளைக்குள் இருக்கும் பொத்தான்தான் அழிப்பது.

ரீசெட் செய்தே ஆகிவிட்டது. இப்போது எல்லாக் கருவிகளிலும் புதிதாக இணைக்க வேண்டுமா?

பழைய வைஃபை பெயரும் பழைய கடவுச்சொல்லும் இப்போது எப்படியோ கிடைத்துவிட்டன என்றால், ரவுட்டரில் எழுத்துப் பிசகாமல் அதே இரண்டையும் வையுங்கள். தொலைக்காட்சி, பிரிண்டர், கேமரா எல்லாம் எதுவும் நடக்காததுபோல் பொதுவாகத் தாமே இணைந்துகொள்ளும். ரவுட்டரையே புதிதாக மாற்றும்போதும் இதைச் செய்யலாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி வரை ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

கடவுச்சொல் சரிதான், ஆனாலும் இணையவில்லையே?

கைபேசி முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றியிருக்கலாம். நகலெடுத்து ஒட்டியபோது கடைசியில் ஓர் இடைவெளி சேர்ந்திருக்கலாம். கண் படத்தைத் தொட்டு, அடித்ததை ஒரு முறை பாருங்கள்.

பழைய பிரிண்டரும் ஸ்மார்ட் பல்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால் அது அவற்றின் கண்ணில் படாது. ரவுட்டரில் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் என்று வைத்திருந்தாலும் பழைய கருவிகள் திணறும். வீட்டில் இரண்டு பெட்டிகள், அதாவது நிறுவனம் கொடுத்தது ஒன்றும் நீங்கள் வாங்கியது ஒன்றும் இருந்தால், ஒன்றின் கடவுச்சொல்லை மற்றொன்றில் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். நானே அரை மணி நேரம் அப்படிப் போட்டிருக்கிறேன்.

எந்த வைஃபை கடவுச்சொல்லையும் கண்டுபிடித்துத் தரும் செயலி இருக்கிறதாமே?

விளம்பரம் இருக்கிறது. நிறுவிப் பார்த்தால் உங்கள் தொடர்பு எண்கள், இருப்பிடம் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும், கடைசியில் கிடைப்பது இன்னும் நான்கு விளம்பரம். உங்கள் வீட்டுக் கடவுச்சொல்லுக்கு மேலே சொன்ன வழிகளே போதும். பக்கத்து வீட்டுடையது என்றால், அனுமதியின்றி நுழைவது இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். பிரிவு 66-இன் கீழ் மூன்று ஆண்டுகள் வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். கதவைத் தட்டிக் கேட்பது மலிவு.

புதிதாக எப்படிப்பட்ட கடவுச்சொல் வைக்கலாம்?

குறைந்தது 8 எழுத்து, அதிகபட்சம் 63. தமிழ் எழுத்துகளை ரவுட்டர் ஏற்காது, ஆனால் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்கலாம். தொடர்பே இல்லாத நான்கு சொற்கள், நடுவில் ஓர் எண்: முருங்கை, தண்டவாளம், கொலுசு, 47, பரண். விருந்தினருக்குச் சொல்லும்போது சிரிப்பு வரும், மறக்கவும் மறக்காது. இங்கே எழுதியதையே வைத்துவிடாதீர்கள். விருந்தினர் அடிக்கடி வருவார்கள் என்றால் ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று தனியாக ஒன்றைத் திறந்து அதற்கு எளிய கடவுச்சொல் வைக்கலாம்.

தாளில் எழுதி வைப்பது ஆபத்தில்லையா?

வீட்டு வைஃபைக்கு இல்லை. அதைத் திருட நினைப்பவன் சுவருக்கு வெளியே இருக்கிறான். உங்கள் மேசை இழுப்பறை அவன் கைக்கு எட்டாது. கூடத்துச் சுவரில், வீடியோ அழைப்பில் தெரியும்படி மட்டும் ஒட்டாதீர்கள். பெரியப்பா வீட்டில் இப்போது மூன்று கடவுச்சொற்களும் மின் கட்டண அட்டையின் பின் அட்டையில், பெரியம்மாவின் குண்டுக் கையெழுத்தில் இருக்கின்றன. சுழியத்துக்கு நடுவே ஒரு கோடும் போட்டிருக்கிறார்.